நாற்பத்தொன்றாவது நிமிடம்

இருளப்பன் கொண்டுவந்த டிவிடியில் பற்பசை வாசம்.
"தேய்ச்சா கீறல் போகும்னாங்க."
தோசைக்கல்லைத் தேய்ப்பதுபோல
வட்டமாகத் தேய்த்திருக்கிறார்.

குறுக்கே விழுந்த கோட்டை எந்திரம் தாண்டிவிடும்.
எழுத்தின் கூடவே ஓடும் கோடு
எழுத்தைத் தின்றுகொண்டே ஓடும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
ஈரத்துணியால்
நடுவிலிருந்து விளிம்புக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு
இழுத்துத் துடைத்தேன்.
வெளியே செம்பனைக் குலை லாரி ஒன்று
சுங்கை மெரா கடைவரிசை முழுக்கச்
செம்மண் தூவிப் போனது.

வியாழக்கிழமை வக்கீலுக்கு வேண்டுமாம்.
இரண்டாயிரத்து ஆறு, தோட்டத்து மண்டபம்,
லயத்தை இடிக்குமுன் நடந்த கூட்டம்.
மானேஜர் தமிழிலேயே பேசினார்.
"தருவோம்னு சொன்னாரு. நான் முன்வரிசை."

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில்
மானேஜரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.
வாய் இருந்த இடத்தில்
ஒரு பச்சைக் கட்டம்.

இரவு முழுக்க மென்பொருளை ஓடவிட்டேன்.
படிக்க முடியாததைத் தாண்டிப் போய்
முடிந்ததை எடுத்து வைத்து
பின்பக்கமிருந்து திரும்பி வந்து
மறுபடி கேட்கும், மறுபடி கேட்கும்,
வட்டிக்காரன் மாதிரி, வெட்கமில்லாமல்.
விடியும்போது தொண்ணூற்றெட்டு விழுக்காடு.
மீதி இரண்டில் அந்த வாய்.

அதே நாளில் எழுதிய இன்னொரு டிவிடி
மரியசூசையிடம் இருக்கிறது.
அவருக்கும் இருளப்பனுக்கும் பேச்சில்லை.
சங்கத் தேர்தல், ஒரே ஓட்டு, ஒன்பது வருஷம்.
"பார்க்கலாம்னுதான் சொன்னான்" என்பார் அவர்,
ஒட்டுக்கடையில், எதிரில் யார் இருந்தாலும்.

நானே போய்க் கேட்டேன்.
நாட்காட்டித் தாளில் சுற்றி
அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார், ஈரம் ஏறாதாம்.
ஏறவில்லைதான்.
தாள் கிழிந்து, அரிசி கீறியிருந்தது,
வேறு இடத்தில்.

வேறு இடத்தில்!
இதைவிட நல்ல செய்தி என் தொழிலில் கிடையாது.
இவர் தொலைத்தது அவரிடம்,
அவர் தொலைத்தது இவரிடம்.
மதியச் சோற்றையும் மறந்து ஒட்டினேன்.
ஒரு துணுக்கும் மிச்சமில்லை. நூறு.

இருவரையும் கடைக்கு வரச் சொன்னேன்,
ஒரே நேரம் என்று சொல்லாமல்.
ஒரு நாற்காலிதான் இருந்தது. இருவரும் நின்றார்கள்.
மானேஜர் முழுசாக வந்தார், மூக்கில் வியர்வையோடு.
"ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுக்க"

அவ்வளவுதான்.
மண்டபமே கை தட்டியது.
முன்வரிசையில் இருளப்பன், எழுந்து நின்று.
மூன்றாம் வரிசையில் மரியசூசை,
கையைத் தலைக்கு மேல் தூக்கி.
கடைசியில், கதவோரம், பள்ளிச் சீருடையில் நான்.
கேமராக்காரரும் தட்டியிருக்க வேண்டும்:
படம் ஆடி, வாயை விட்டு விலகி
கூரை விசிறிக்குப் போனது.
தட்டி ஓய்ந்தபோது
மானேஜர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கொடுக்க முடியும்.
கொடுக்க முடியாது.
கொடுக்கப் பார்க்கலாம்.
நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும்.
அதுவரை நாங்கள் பொறுக்கவில்லை.

"இன்னொரு தரம் போடும்மா" என்றார் மரியசூசை.
போட்டேன்.
இருளப்பன் குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தார்.
போட்டேன்.
"கொடுக்க"வின் 'க' முடிந்து
முதல் கை தட்டு விழுமுன்
ஒரு மூச்சு இருக்கிறது. அதைப் பெரிதாக்கினேன்.
மூச்சுதான்.

வக்கீலுக்குப் பென்டிரைவில் ஒன்று,
என் வன்தட்டில் ஒன்று,
தைப்பிங்கில் இருக்கும் தங்கைக்கு ஒன்று.
ஒரே கூரையின் கீழ் எல்லாப் பிரதியும் இருக்கக் கூடாது.
பழைய டிவிடிகளை ஆளுக்கொரு உறையில் போட்டேன்.
விளிம்பைப் பிடியுங்கள்,
பளபளக்கும் பக்கம் விரல் படக்கூடாது என்றேன்.
குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்கள்.
பதினைந்து ரிங்கிட்டை யார் கொடுப்பது என்று
ஒன்பது வருஷத்தில் முதல் சண்டை, சத்தம் போட்டு.

உறைகள் மாறிப்போனது
மாலையில்தான் தெரிந்தது.
பற்பசை வாசம் அடிப்பது இப்போது
மரியசூசை வீட்டு அரிசி டின்னில்.